ராக்கியும் மல்லியும்: கருத்தடை செய்யாத கடுவனும் பெட்டையும் இருந்த ஒரு சேலம் வீடு

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு குடும்பம். வீட்டில் ஒரு கடுவன் (ஆண் நாய்), ஒரு பெட்டை (பெண் நாய்). இரண்டுக்கும் கருத்தடை ஆகவில்லை. ஏழு மாத இடைவெளியில் அந்தப் பெட்டைக்கு இரண்டு முறை ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்தது. முதல் முறை நாய்கள் சேர்ந்துவிட்டன. இரண்டாம் முறை சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாய்களின் குணம் எதுவும் மாறிவிடவில்லை. கதவை யார் திறக்கலாம், எப்போது திறக்கலாம் என்பது மட்டும்தான் அந்த வீட்டில் மாறியது. இரண்டு முறையும் மருத்துவராகக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால், வீட்டாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். நாய்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

"கருத்தடை செய்துவிடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறோம்தான். ஆனால் அந்த அறுவைக்கு உகந்த நாள் வரும்வரை வீட்டை நடத்த வேண்டுமே. பெரிய இன நாய்களுக்கு வளர்ச்சி முடியும் முன்பே கருத்தடை செய்தால் சில இனங்களில் மூட்டுக் கோளாறுகள் கூடுகின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் 2013 முதல் காட்டிவருகின்றன. அதனால் ஒரு வயது, ஒன்றரை வயதுவரை பொறுத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் இப்போது அதிகம். பொறுத்திருக்கும் அந்தக் காலத்தில் முதல் ஹீட் வந்து நிற்கும். அப்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வீடும் நாய்களும்

ராக்கி லேப்ரடார். முதல் சம்பவத்தின்போது மூன்றரை வயது, எடை 31 கிலோ. மல்லி சிப்பிப்பாறைப் பெட்டை, பதினோரு மாதம், 17 கிலோ. குட்டியாக வந்த நாளிலிருந்து ராக்கியோடுதான் வளர்ந்தாள். ஒரே சாக்கில் படுப்பார்கள், ஒருவர் தட்டில் மற்றவர் வாய் வைப்பார்கள். "அண்ணன் தங்கச்சி மாதிரிங்க டாக்டர், அதெல்லாம் ஒண்ணும் நடக்காது" என்று வீட்டுக்காரர் ஒருமுறை தடுப்பூசிக்கு வந்தபோது சொன்னார். நாய்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கூடப் பிறந்ததே ஆனாலும், பெற்ற தாயே ஆனாலும், ஹீட் நாளில் கடுவன் விலகிப்போகாது.

வீடு சின்ன தார்சு வீடு. முன்னால் இரும்பு கேட், போர்டிகோ, அடுத்து ஹால், ஹாலை ஒட்டிப் பாட்டியின் அறை, சமையலறை, பின்னால் துவைக்கிற கல்லும் முருங்கை மரமும் உள்ள புழக்கடை. சுற்றிலும் ஐந்தடி மதில். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். அவர் மனைவி, பாட்டியின் மருமகள், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். பகல் முழுக்க வீட்டில் இருப்பது பாட்டி மட்டும்தான்.

கருத்தடை தள்ளிப்போனதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒரு ஈத்தாவது போட்டால்தான் பெட்டையின் உடம்பு நன்றாக இருக்கும் என்பது வீட்டுக்காரர் எண்ணம். ஊரெல்லாம் இருக்கும் நம்பிக்கைதான், ஆனால் அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. வாயில்லா ஜீவனை அறுப்பது பாவம் என்றார் பாட்டி. குட்டி பிறந்தால் விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு உறவினர் வேறு சொல்லியிருக்கிறார். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. பதினோரு மாத மல்லி எந்தக் கணக்கிலும் அதற்குள் வரமாட்டாள்.

முதல் ஹீட்

ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம். ஊரில் பாதி வீடுகளில் விருந்தாளிகள். ஒரு காலையில் ஹால் டைல்ஸ்மேல் சிவப்புச் சொட்டுகளைப் பார்த்த மருமகள், கண்ணாடி ஏதாவது குத்தியிருக்கும் என்று மல்லியின் நான்கு பாதங்களையும் விரித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள்தான் விஷயம் புரிந்தது. மல்லியை மாடி அறையில் விட்டார்கள், ராக்கியை போர்டிகோ தூணில் கட்டினார்கள். சொட்டைப் பார்த்த நாளை முதல் நாளாக வைத்து எண்ண ஆரம்பித்தார்கள்.

அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. பெட்டை நாய் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். சுத்தக்காரப் பெட்டையாக இருந்தால் முதல் சில நாள் ரத்தம் யார் கண்ணிலும் படாது. நாம் எண்ணும் மூன்றாம் நாள், அதன் உடம்பில் ஏழாம் நாளாக இருக்கலாம். ராக்கிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாலைந்து நாளாகவே மல்லி சிறுநீர் கழித்த இடத்தை விட்டு நகராமல் நக்கிக்கொண்டு, பற்கள் கடகடவென்று ஆட நின்றானாம். "குளிருதோ என்னமோன்னு நினைச்சேங்க" என்றார் மருமகள்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். நம் வீடுகளில் ரத்தம் என்றால் தீட்டு, நின்றால் தீர்ந்தது. அந்தப் பழக்கத்திலேயே நாயையும் பார்க்கிறோம். நாய்க்கு அப்படி இல்லை. ரத்தம் வருவது தயாராகும் கட்டம். சராசரியாக ஒன்பது நாள், சில பெட்டைகளுக்கு மூன்று நாளே, சிலவற்றுக்குப் பதினேழு நாள்கூட ஆகும். அப்போது கடுவன் சுற்றிச்சுற்றி வரும், பெட்டை உட்கார்ந்துகொள்ளும், கடிக்கவும் வரும். அப்புறம் ரத்தம் வெளிறி, இறைச்சி கழுவிய தண்ணீர் போல ஆகும். சில பெட்டைகளுக்கு வைக்கோல் நிறத்துக்கே வந்துவிடும். வீங்கியிருந்த உறுப்பு மெத்தென்று தளரும். பின்பக்கம் கை வைத்தால் வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கரு நிற்கும் நாட்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. இதுவும் சராசரியாக ஒன்பது நாள், ஆனால் மூன்றிலிருந்து இருபத்தொன்றுவரை போகலாம். நாயின் கருமுட்டை வெளியே வந்தவுடன் முதிர்ந்திருக்காது. முதிர இரண்டு மூன்று நாள் ஆகும், பிறகு இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெட்டையின் உடம்புக்குள் ஐந்து முதல் ஏழு நாள்வரை காத்திருக்கும். எனவே, சேர்ந்தது கொஞ்சம் முந்திய நாள், ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமே இல்லை.

மல்லிக்குச் சொட்டு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று கீழே கூட்டிவந்து புழக்கடையில் விட்டார்கள். ராக்கி அப்போதும் தூணில்தான் இருந்தான். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து, விருந்துக்கு வந்திருந்த ஒரு பையன் பரிதாபப்பட்டுச் சங்கிலியை அவிழ்த்துவிட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை. சமையலறைப் பின்கதவு, கை கழுவப் போய்வருகிறவர்களுக்காகத் திறந்தே கிடந்தது.

துவைக்கிற கல் பக்கம் சத்தம் கேட்டுப் போனபோது இரண்டும் பூட்டிக்கொண்டிருந்தன. ராக்கி ஒரு காலைத் தூக்கித் திரும்பி, பின்னோடு பின்னாக நிற்கிறான். மல்லி கத்துகிறாள். ஒருவர் வாளித் தண்ணீரோடு வந்தார், இன்னொருவர் கையில் கம்பு. பாட்டிதான் குறுக்கே போய் நின்றிருக்கிறார். "யாரும் கிட்ட வராதீங்கடா, அதும்பாட்டுக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு, கல்லின்மேல் உட்கார்ந்து மல்லியின் முகத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கடைசி மகனை விட்டு ராக்கியின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கச் சொன்னார். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்துத் தானாகப் பிரிந்தன.

பாட்டி செய்ததுதான் சரி. கடுவனின் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே வீங்கி, பெட்டையின் தசை அதை இறுக்கிப் பிடிப்பதால் ஏற்படும் பூட்டு அது. வீக்கம் வடிய ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணிக்கு மேலும் ஆகலாம். இழுத்தாலோ அடித்து விரட்டினாலோ இரண்டுக்கும் கிழிந்து ரத்தம் கொட்டும். தண்ணீர் ஊற்றினால் கரு நிற்காது என்பதும் வெறும் நம்பிக்கை. பூட்டு விழும்போதே விந்தணு போய்ச் சேரத் தொடங்கியிருக்கும். செய்யக்கூடியதெல்லாம் இரண்டு தலையையும் பிடித்து அமைதிப்படுத்தி, வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான்.

சேர்ந்த பிறகு

மறுநாள் மல்லியோடு வந்தார்கள். கரு தங்காமல் இருக்க ஊசி போட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. ஈஸ்ட்ரோஜன் ஊசி ஒன்று பழைய காலத்தில் தாராளமாகப் போடப்பட்டது. எலும்பு மஜ்ஜையை நசுக்கி ரத்த அணுக்கள் உற்பத்தியையே குலைத்துவிடும், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும் வழிசெய்யும். அதை நான் போடுவதில்லை, போடவும் சொல்வதில்லை. இருந்த வழிகள் மூன்று. நான்கு வாரம் கழித்து ஸ்கேனில் பார்த்து முடிவெடுப்பது, குட்டி வேண்டாம் என்று இப்போதே உறுதியானால் ஹீட் அடங்கிய பின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது, அல்லது குட்டிகளை வரவேற்பது. குடும்பம் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தது.

நான் வற்புறுத்திச் சொன்னது வேறு. "ஆனது ஆச்சு, இனிமே எதுக்குப் பிரிக்கணும்" என்று இருந்துவிடக் கூடாது. ஒரு சேர்க்கை நடந்தால் ஹீட் முடிந்துவிடாது. இன்னும் பல நாள் மல்லி நிற்பாள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் வாய்ப்பு கூடும். மதில் தாண்டி வரும் தெருக் கடுவனோடும் சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள்கூடப் பிறக்கும். தெரு நாய்களிடமிருந்து வரும் இன்னொரு ஆபத்தையும் சொன்னேன். நம் ஊர்த் தெரு நாய்களிடம் சேர்க்கையால் தொற்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி சகஜம். உறுப்பில் காலிஃபிளவர் பூ மாதிரி கட்டி வந்து ரத்தம் சொட்டும். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும், ஆனால் நாயும் வீடும் படும் பாடு கொஞ்சம் அல்ல. இந்த முறை சொன்னபடி கேட்டார்கள். இன்னும் மூன்று வாரம் பிரித்தே வைத்தார்கள்.

சேர்ந்து முப்பதாம் நாள் ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அதே மாதிரி ஒரே ஒரு சேர்க்கையில் எட்டுக் குட்டி போட்ட பெட்டைகளும் உண்டு.

குட்டி இல்லாமலே பால்

புரட்டாசி முடியும் சமயம் மருமகளிடமிருந்து போன். "ஸ்கேன் தப்பா இருக்குமோன்னு தோணுதுங்க டாக்டர். மல்லிக்குப் பால் வருது." போய்ப் பார்த்தேன். பாட்டியின் கட்டிலுக்கடியில் பழைய புடவையைக் கிளறி மெத்தை கட்டியிருந்தாள். நடுவில் வீட்டுச் சிறுமியின் துணி யானை. அதன்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். யாராவது குனிந்தால் உறுமல். ராக்கி அறை வாசலுக்கு வந்ததும் பாய்ந்துபோய்க் கன்னத்தில் பல் பதித்துவிட்டுத் திரும்ப யானையிடமே வந்தாள். அழுத்தினால் காம்பில் பால் துளிர்த்தது.

இன்னொரு ஸ்கேனும் செய்தோம், காலிதான். இதற்குப் பொய்ச்சினை என்று பெயர். பெட்டைக்கு ஹீட் முடிந்தபின், சினை ஆனாலும் ஆகாவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் இரண்டு மாதம் போல உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். உடம்பைப் பொறுத்தவரை குட்டி போட்டாகிவிட்டது. அதனால்தான் ஹீட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் இந்தக் கூத்து வருகிறது. ஒரு சேர்க்கையும் நடக்காத பெட்டைக்கும் வரும்.

சொன்ன யோசனை எளிமையானது. பாலைக் கறக்கவே கூடாது, ஒத்தடமும் வேண்டாம், கை பட்டால் இன்னும் சுரக்கும். நடைக்குக் கூட்டிப்போன நேரத்தில் யானையை எடுத்து ஒளித்துவிடுங்கள். நடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். காம்பு சிவந்து கல்லாகிச் சூடானாலோ சாப்பாட்டை நிறுத்தினாலோ உடனே வாருங்கள், கேபர்கோலின் மருந்து இருக்கிறது. மல்லிக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் வற்றிவிட்டது.

இந்த நேரத்தில் அறுவை செய்யலாமா என்று கேட்டார்கள். பால் இருக்கும்போது செய்தால் அந்த நிலை நீண்டுபோகும் வாய்ப்பு உண்டு. கார்த்திகையில் வையுங்கள் என்றேன். தீபாவளி போகட்டும் என்றார்கள், அரையாண்டுத் தேர்வு போகட்டும் என்றார்கள், பொங்கல் கழியட்டும் என்றார்கள். பொங்கலும் கழிந்தது.

கர்ப்பப்பைச் சீழ் பற்றி

தள்ளிப்போடும் வீடுகளிடம் நான் தவறாமல் சொல்லும் ஒன்று இருக்கிறது. ஹீட் முடிந்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை பெட்டையின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்து, அதிகமாகச் சிறுநீர் போய், சாப்பாட்டில் சுணக்கமும் வாந்தியும் சேர்ந்தால் அது கர்ப்பப்பையில் சீழாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் நாற்றத்தோடு வெளியே வடியும், தெரிந்துவிடும். மூடியிருந்தால் ஒரு துளியும் வெளியே வராது, உள்ளேயே ஊறி ரத்தத்தில் விஷமேறும். இது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற நோய் இல்லை. அன்றைக்கே அறுவை செய்ய வேண்டும். இரவில் சேலத்தில் ஆள் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். ஐம்பது கிலோமீட்டர்தான். கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருவதாக ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு வருவதுபோல நாய்க்கு மாதவிலக்கு நிற்பதும் இல்லை. இடைவெளி கூடுமே தவிர கிழப் பெட்டைக்கும் ஹீட் வரும், ஒவ்வொரு ஹீட்டோடும் இந்த ஆபத்தும் கூடவே வரும்.

அந்த வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் ஹீட்டே வராமல் தடுக்கும் ஊசியைப் போடச் சொல்லியிருக்கிறார். அதுவும் புரோஜெஸ்டிரோன் வகைதான். கர்ப்பப்பைச் சீழ், சர்க்கரை நோய், மடிக்கட்டி மூன்றுக்கும் அது வாசலைத் திறந்துவிடும். வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது ஹீட்

மாசியில் வந்தது. இந்த முறை எதிர்பார்த்திருந்தார்கள். ஐந்தாவது மாதம் முடிந்ததிலிருந்தே மருமகள் தினமும் காலையில் பழைய வெள்ளை வேட்டித் துண்டால் மல்லிக்குப் பின்பக்கம் ஒற்றியெடுத்து, சமையலறைக் காலண்டரில் குறிக்கத் தொடங்கியிருந்தார். மல்லியின் படுக்கைக்கும் அதே வெள்ளை வேட்டிதான். ராக்கியின் பற்கள் மறுபடியும் ஆட ஆரம்பித்த அன்றே எனக்குப் போன் வந்தது. துணியில் நிறம் தெரிய இன்னும் மூன்று நாள் ஆனது. வீட்டில் கடுவன் இருந்தால் அதன் மூக்குதான் முதலில் சொல்லும். அந்த நாளிலிருந்தே எண்ணுங்கள் என்றேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மருமகளின் தம்பி வேலையில் இருக்கிறார், குடியிருப்பும் அங்கேயே. மல்லியை மச்சான் வீட்டில் ஒரு மாதம் விட்டுவிடலாம் என்பது வீட்டுக்காரரின் யோசனை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹீட்டில் உள்ள பெட்டை எங்கே போனாலும் பிரச்சினையைக் கூடவே கொண்டுபோகும். எஸ்டேட் வீட்டுக்கு மதில் கிடையாது, சுற்றிலும் காப்பிச் செடி, தொழிலாளர் லைன் வீட்டு நாய்கள் எல்லாம் அவிழ்த்துவிட்ட நாய்கள். கதவைத் திறந்த நொடியில் சிப்பிப்பாறை செடிக்குள் புகுந்தால் யார் பிடிப்பது? ராக்கியை அனுப்பினால் கதை வேறு. வாசனை இல்லாத இடத்தில் கடுவன் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மல்லியும் பழகிய வீட்டிலேயே, பாட்டி கண்ணெதிரிலேயே இருப்பாள்.

தம்பிக்கு வேலை இருந்ததால் முதல் ஒரு வாரம் இரண்டும் சேலம் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்த வாரத்துக்குப் போட்ட ஏற்பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வேறு வீடு இல்லாதவர்கள் மாதம் முழுக்க இதையேதான் செய்ய வேண்டியிருக்கும்.

மல்லி பாட்டியின் அறையில், ராக்கி முன்னால் போர்டிகோவில். நடுவில் ஹால். அறைக் கதவு ஒன்று, ஹாலின் முன்கதவு ஒன்று, எந்த நேரமும் இரண்டு கதவு குறுக்கே இருக்க வேண்டும். ஒன்றைத் திறக்கிறவர் மற்றது சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரே கதவை நம்பினால் பால்காரர் வந்தாலே போதும், அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அறைக்கு வெளியே பூட்டுப் போட்டு, சாவி பாட்டியின் சுருக்குப்பையில். வேறு சாவியே கிடையாது. அறுவை பாவம் என்று சொன்ன பாட்டிதான் அந்த மாதம் வீட்டிலேயே கண்டிப்பான ஆள். "ஏங்கண்ணு, கேட்டுட்டுத் தொறக்கணும்னு சொன்னேன்ல" என்று பேரனிடம் சத்தம் போடுவதை நானே கேட்டேன்.

ஹாலுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே முதலில் கிரில் கேட் மட்டும் போதும் என்று நினைத்திருந்தார்கள். கம்பி இடைவெளி வழியாகவே நாய்கள் சேர்ந்துவிடும். மல்லியின் ஒல்லி உடம்புக்கு அந்த இடைவெளியில் நுழைந்து வரவும் முடியும். பலகை அடித்து மூடினார்கள். மாடி அறை இந்த முறை வேண்டாம் என்று விட்டோம், கைப்பிடிச் சுவரைத் தாண்ட அவளுக்கு ஒரு தாவல் போதும். புழக்கடைக்குப் போனாலும் கயிற்றோடுதான். ஐந்தடி மதில் அவளைத் தடுக்காது, வெளியே சந்தில் கூடியிருந்த நான்கைந்து தெருக் கடுவன்களையும் தடுக்காது. வெளியே நடை அறவே இல்லை. டயாப்பர் போட்டார்கள். தரை அழுக்காகாமல் இருக்க நல்லது, ஆனால் அது ஒரு தடுப்பு என்று நினைக்கக் கூடாது. கடுவன் அதை நொடியில் கிழிக்கும். பின்பக்கம் தைலம் தடவினால் வாசனை மறையும் என்று யாரோ சொன்னதைச் செய்யவிடவில்லை. தோல் எரியும், ராக்கியின் மூக்கை ஏமாற்றாது.

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் செருப்பைக் கழற்றும் முன்பே விஷயம் சொல்லப்பட்டது. கேட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆடியில் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தால் சங்கிலியைத் தொட்டிருக்க மாட்டான் அல்லவா?

ராக்கி பட்டபாடு உண்மை. அதைச் சிறிதாகச் சொல்லக் கூடாது. ஒரு வாரத்தில் 31 கிலோவிலிருந்து 29-க்கு இறங்கினான். எச்சில் ஒழுக இரவெல்லாம் கதவைப் பிறாண்டி நகம் ஒன்று பெயர்ந்தது. கருத்தடை செய்யாத இரண்டு நாய்களைப் பிரித்து வைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இந்த இரவுகளையும் பார்க்க வேண்டும். அது சாதாரணத் துன்பம் இல்லை.

ஏழாம் நாள் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு, அதனால் காலையில் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உண்ணி மருந்து முன்கூட்டியே போட்டாகிவிட்டது. செடிக்குள் திரிந்தால் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் வரும். காட்டெருமை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் இரவில் வீட்டுக்குள்ளேதான். முக்கியமாக, அவன் படுக்கை, சங்கிலி, கழுத்துப் பட்டை எல்லாம் புதிது. பழையதில் மல்லியின் வாசனை இருக்கும். முதல் இரண்டு நாள் வாசலைப் பார்த்தே படுத்திருந்தானாம். மூன்றாம் நாள் சோறு தின்றான். அதற்கப்புறம் தம்பியின் பின்னாலேயே மிளகு பறிக்கிற இடத்துக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டான்.

மல்லிக்குப் பன்னிரண்டாம் நாள் துணியில் நிறம் வெளிறியது. பாட்டி முதுகில் கை வைத்தால் வால் ஒதுங்கியது. போன முறை இந்த நாளில்தான் அவிழ்த்துவிட்டார்கள். இந்த முறை மருமகள் காலண்டரில் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு வைத்தார். பெட்டையின் உறுப்பிலிருந்து பஞ்சால் ஒற்றி, கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்த்தால் தட்டையான, கெட்டியான செல்கள் நிறைந்திருக்கும். அதுதான் வளமான நாட்களின் அடையாளம். அந்தச் செல்கள் மறைந்து, சின்ன உருண்டைச் செல்களும் வெள்ளணுக்களும் திரும்ப வந்தால் கட்டம் முடிந்தது. மல்லிக்கு இருபத்திரண்டாம் நாள் அப்படி மாறியிருந்தது. இருந்தும் ராக்கியை உடனே வரவழைக்கவில்லை. இருபத்தொரு நாள் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணத் தொடங்கிய நாளே சந்தேகம் என்பதால் நான் எந்த வீட்டுக்கும் இருபத்தெட்டு என்றுதான் சொல்வேன். சாயத் தகடு பார்க்க வசதியில்லாத வீட்டுக்கு அதுவே ஒரே பாதுகாப்பு.

ராக்கி இறங்கிவந்த அன்று இரண்டையும் வீட்டுக்குள் சந்திக்க விடாமல், மூக்கனேரிக் கரைப் பக்கம் கயிற்றோடு பக்கத்தில் பக்கத்தில் நடக்கவைத்துப் பிறகு சேர்த்துக் கூட்டிவந்தார்கள். மல்லி ஒருமுறை உறுமினாள். மறுநாள் ஒரே சாக்கு.

யாருக்கு முதலில் அறுவை

கடுவனுக்குச் செய்வது சின்ன அறுவை, செலவும் குறைவு, அதை முடித்துவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். பல வீடுகளில் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அது பாதித் தீர்வுதான் என்று சொன்னேன். ராக்கியால் குட்டி வராது, ஆனால் சந்தில் நிற்கும் கடுவன்கள் அப்படியே நிற்கும். மல்லிக்குக் கர்ப்பப்பைச் சீழ் வரும் வாய்ப்பும் அப்படியே இருக்கும். ஹீட் நடுவில் பதற்றத்தில் கடுவனைக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்று: அறுவை முடிந்த பிறகும் குழாய்களில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரம்வரை கரு நிற்க முடியும். குறைந்தது ஆறு வாரம் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

பெட்டைக்கு ஹீட்டின்போதே அறுவை செய்வதும் நல்லதல்ல. ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், கசிவு அதிகம். ஹீட் முடிந்து இரண்டரை மூன்று மாதம், பாலும் இல்லாத அமைதியான காலம் சரியான நேரம். மல்லிக்கு வைகாசியில் தேதி வைத்தோம். பள்ளி விடுமுறை என்பதால் இந்த முறை தள்ளிப்போகவில்லை. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் வகை மயக்க மருந்து கொடுத்தால் தெளிய நேரம் பிடிக்கும், அதனால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தோம். உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொண்டோம். முன்னிரவு பாட்டி எனக்குப் போன் செய்து, "வலிக்காம பண்ணிருங்க சாமி" என்றார். வலி மருந்து எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று அவரிடமே சொல்லிக் குறிக்கச் சொன்னேன்.

தையல் ஆறும்வரை பன்னிரண்டு நாள் கழுத்தில் கூம்பு. ராக்கி தையலை நக்கப் பார்த்ததால் அந்த நாட்களுக்கு மட்டும் பழைய இரண்டு கதவு முறையே மறுபடியும் நடந்தது. அதற்குப் பிறகு பூட்டு கழன்றது. மல்லிக்கு எடை ஏறாமல் இருக்கச் சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.

ராக்கிக்கு இப்போதைக்குச் செய்யவில்லை. குடும்பத்தின் முடிவு, நானும் மறுக்கவில்லை. கயிறு இல்லாமல் கேட்டைத் தாண்டுவதில்லை என்பது ஒன்றுதான் நிபந்தனை. அடுத்த ஆண்டு ஐந்து வயதைத் தாண்டுகிறான். அந்த வயதுக்கு மேல் கருத்தடை செய்யாத கடுவன்களுக்குப் புராஸ்டேட் வீங்குவது சகஜம். ஆண்டுத் தடுப்பூசிக்கு வரும்போதே அதையும் விதைகளையும் பரிசோதிப்பதாகப் பேசியிருக்கிறோம். மலம் கழிக்க முக்கினாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அதுவரை காத்திருக்காமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஏதாவது தெரிந்தால் அவனுக்கும் செய்துவிடலாம் என்று பாட்டியே சொல்லிவிட்டார்.